பலாப்பழ யோகர்ட்: ஒரு கப், இரண்டு குற்றவாளி

முதல் கப்பைப் பாதிக்கு மேல் சாப்பிட முடியாமல் சிங்க்கில் கொட்டினேன். மே மாதம், கத்திரி வெயில், மஞ்சக்குப்பத்தில் தள்ளுவண்டிக்குத் தள்ளுவண்டி பண்ருட்டிப் பலா மணக்கிற நேரம். அந்த நேரத்தில் பலாப்பழ யோகர்ட் என்று புதிதாக ஒன்று கண்ணில் பட்டால் வாங்காமல் வர எனக்கு மனசு வராது. எனக்குப் புதுச்சேரியில் வேலை, கடலூரில் வீடு. சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன்னால் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் 90 கிராம் கப் மூன்று வாங்கினேன், ஒன்று 35 ரூபாய். கம்பெனி பெயரையும் கடையின் பெயரையும் எழுதப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டு கப்பைத் திறந்தோம். மூடியைப் பிரித்ததுமே மேலே மஞ்சளாகத் தண்ணீர் நின்றது. அதைச் சாய்த்துவிட்டு ஸ்பூனைப் போட்டால், கட்டித் தயிரில் விழுகிற மாதிரி வெட்டு விழவில்லை, திரிதிரியாகப் பிரிந்து போனது. வாயில் வைத்தால் முதலில் புளிப்பு, அதுவும் மத்தியானம் முழுக்க அடுப்பங்கரையில் மறந்துவிட்ட தயிரின் புளிப்பு, அதன் பின்னாலேயே ஒரு அசட்டுத் தித்திப்பு, எல்லாவற்றுக்கும் மேலே மூக்கில் ஏறுகிற எசன்ஸ் வாசனை. ஒன்பதாவது படிக்கும் மகன் சொன்னான்: "அம்மா, இது பலாப்பழம் இல்ல, வாழைப்பழ எசன்ஸ்." அத்தை ஒரே ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "பலாவையும் பாலையும் சேக்கக் கூடாதுன்னு அந்தக் காலத்துலயே சொல்லி வச்சாங்க" என்று கப்பை என் பக்கம் தள்ளிவிட்டார். என் வீட்டுக்காரர் மட்டும் முழுசாகச் சாப்பிட்டார். எங்கள் வீட்டில் இவருக்குப் பிடிக்காத சாப்பாடு என்று ஒன்று இதுவரை தென்பட்டதில்லை, அதனால் அந்த வாக்கைக் கணக்கில் சேர்க்க முடியாது.

மறுநாள் ஆபீஸில் எல்லோரிடமும் சொன்னேன், யாரும் வாங்கிவிடாதீர்கள், குப்பை என்று. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். முத்தியால்பேட்டையில் இருந்து வரும் தோழி ஒருத்தி, அவளுடைய தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர், வீட்டில் இன்னமும் யோகர்ட்டை 'யாவூர்த்' என்றுதான் சொல்வார்கள். அவள் விடவில்லை. "நானும் அதையேதான் வாங்கினேன், ஸ்பூன் நட்டா நிக்குது, வாசனை மட்டும்தான் சரியில்ல" என்றாள். ஒரே சாமானை இரண்டு பேர் சாப்பிட்டு ஒருத்திக்குத் தண்ணீர், இன்னொருத்திக்குக் கட்டியா? ருசி ஆளுக்கு ஆள் மாறும், சரி. தண்ணீர் ஆளுக்கு ஆள் மாறுமா?

நல்லவேளை மூன்றாவது கப் திறக்காமல் ஃப்ரிட்ஜில் இருந்தது. அதன் மூடியைப் படம் எடுத்து அனுப்பினேன், அவளும் தன்னிடம் மிச்சம் இருந்த கப்பின் மூடியை அனுப்பினாள். தயாரித்த தேதி ஒன்று, பேட்ச் எண்ணும் ஒன்று. அவள் வாங்கியது மிஷன் வீதிப் பக்கத்தில் ஒரு கடையில். ஒரே நாளில், ஒரே பாலில், ஒரே பேட்ச்சாக வெளியே வந்த கப்புகள் இரண்டு கடைக்குப் போய் இரண்டு விதமாக ஆகியிருக்கின்றன. என் புகாரில் எது கம்பெனியின் தப்பு, எது கடையின் தப்பு, எது என் தப்பு என்று பிரிக்காமல் 'குப்பை' என்று சொன்னது அவசரம்தான் என்று அன்றைக்கே உறைத்தது. சந்தேகப் பட்டியலில் நானும் இருந்தேன். கத்திரி வெயிலில் ஐஸ் இல்லாமல், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், தவளக்குப்பம் கன்னியக்கோவில் வழியாக ஒவ்வொரு வேகத்தடையிலும் குலுங்கிக்கொண்டு அந்தக் கப்புகளைக் கொண்டுவந்தவள் நான்தானே.

தண்ணீர் ஏன் பிரிகிறது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்த கூத்து எதற்கென்று புரியாது. பாலில் கேசின் என்கிற புரதம் குட்டிக் குட்டி உருண்டைகளாக மிதக்கிறது. கிருமிகள் பாலிலுள்ள லாக்டோஸ் என்கிற சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் ஆக்க, புளிப்பு ஏறி, அதைக் காட்டுகிற அளவான பி.எச். 4.6 பக்கம் இறங்கும்போது அந்த உருண்டைகளுக்கு ஒன்றை ஒன்று தள்ளுகிற குணம் போய்விடும், அவை கைகோத்து ஒரு வலை ஆகும். தயிர் உறைவது என்றால் அதுதான். தண்ணீர் எங்கேயும் போகவில்லை, வலைக்குள் மாட்டிக்கொண்டு நிற்கிறது. கம்பெனிகள் உறை ஊற்றுவதற்கு முன்னால் பாலை 85 டிகிரியில் அரை மணி நேரமோ, 90க்கு மேலே சில நிமிஷமோ வைத்திருக்கும். கிருமி சாவது ஒரு காரணம். இன்னொன்று, அந்தச் சூட்டில் மோர்ப்புரதமும் குலைந்து கேசினோடு ஒட்டிக்கொள்ளும், வலை கெட்டியாகித் தண்ணீரை இறுக்கிப் பிடிக்கும். பாலைச் சுண்டக் காய்ச்சினால் தயிர் கட்டியாக விழும் என்று அத்தை சொல்வாரே, அதில் பாதி இதுதான், மீதி பாதி தண்ணீர் வற்றுவது.

உறைந்த பிறகும் கிருமிகள் தூங்குவதில்லை. நம் வீட்டுத் தயிரில் பலவகைக் கிருமிகள் கூட்டுக் குடித்தனம் நடத்தும், அறைச் சூட்டிலேயே உறைந்துவிடும். யோகர்ட் என்று பேர் வைக்க வேண்டுமானால் குறிப்பிட்ட இரண்டு கிருமி வேண்டும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசிலஸ் பல்கேரிகஸ். இரண்டுக்கும் பிடித்த சூடு 42 டிகிரி பக்கம். இரண்டாவதை 1905இல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்கிற பல்கேரிய இளைஞர் ஜெனீவாவில் கண்டுபிடித்தார், பேரிலேயே அவருடைய நாடு இருக்கிறது. (பிரான்ஸில் இந்த இரண்டும் கிராமுக்கு 1 கோடிக்குக் குறையாமல் உயிரோடு இருந்தால்தான் கப்பின் மேல் அந்தப் பேரைப் போட விடுவார்கள் என்று தோழி பெருமையாகச் சொன்னாள், அவளே கண்டுபிடித்த மாதிரி.) இதில் பல்கேரிகஸ் பிடிவாதக்காரர். குளிர் குறைந்தால் போதும், திரும்ப அமிலம் காய்ச்ச ஆரம்பித்துவிடும். புளிப்பு ஏற ஏற வலை சுருங்கும், துணியைப் பிழிந்த மாதிரி தண்ணீர் வெளியே வரும். குலுக்கினாலும் வலை கிழிந்து தண்ணீர் வரும். இந்த யோகர்ட் வேறு கப்பிலேயே உறைய வைத்த வகை, அடியில் பழக்கூழ், மேலே தயிர். கலக்கி ஊற்றுகிற வகையைவிட இது குலுக்கலுக்குச் சீக்கிரம் உடையும்.

ஆக, மூன்று சந்தேகம். கடை ஃப்ரிட்ஜின் குளிர், என் பஸ் குலுக்கல், என் பஸ் சூடு.

அந்தச் சனிக்கிழமை காலையிலேயே புதுச்சேரிக்குக் கிளம்பினேன், லீவு நாளில். பழைய கடையில் 3 கப், மிஷன் வீதிக் கடையில் 6 கப், எல்லாம் அதே பேட்ச்சாகத் தேடி எடுத்தேன். கடைக்காரர்கள் இருவருமே என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். கையோடு 250 ரூபாய்க்கு வாங்கிய சமையல் தெர்மாமீட்டரையும் கொண்டுபோயிருந்தேன். பழைய கடையில் ஃப்ரிட்ஜுக்குள் கப்புகளுக்கு நடுவே அதை ஐந்து நிமிஷம் வைக்கக் கேட்டபோது, "எதுக்கும்மா, ஆபீசரா நீங்க?" என்று கேட்டாலும் அந்த அண்ணன் விட்டார். 13 டிகிரி. மிஷன் வீதிக் கடையில் 5. மூடியில் அச்சடித்திருப்பது '5 டிகிரிக்குக் கீழ் வைக்கவும்'.

பழைய கடையின் கப் மூன்றும், மிஷன் வீதிக் கப்பில் ஐந்தும் ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டிக்குள் போயின. ஆறாவதை மட்டும் வேண்டுமென்றே கைப்பையில், ஐஸ் இல்லாமல், முதல் நாள் கொண்டுவந்த அதே கோலத்தில் வைத்துக்கொண்டேன். பெட்டி முதுநகர் துறைமுகத்தில் மீன் வாங்கப் போனபோது கிடைத்தது. புளி போட்டு இரண்டு தடவை கழுவியும் சங்கரா வாசனை போகவில்லை. கப்புகளின் மூடி ஒட்டியிருந்ததால் உள்ளே ஏறாது என்று தைரியமாக வைத்தேன், ஏறவும் இல்லை.

புதுச்சேரியில் இருந்து பெட்டியோடு கடலூருக்குள் வருகிற யாரும் ஆல்பேட்டை சோதனைச்சாவடியைத் தப்ப முடியாது. பஸ்ஸில் ஏறிய போலீஸ்காரர் நேராக என் மடிக்குத்தான் வந்தார். திறந்து காட்டினேன். ஐஸுக்கு நடுவே எட்டு யோகர்ட். "தயிரா?" என்றார். "ஆமா சார்." "புதுச்சேரியில இருந்து தயிர் வாங்கிட்டு வர்ற ஆளை இன்னிக்குத்தாம்மா பாக்கறேன்" என்று மூடிவிட்டுப் போனார், முன்சீட்டில் இருந்த ஒருவர் இறங்கும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மிஷன் வீதிக் கப்பில் ஒன்றைக் காலையில் அடுப்பங்கரை மேடையில் ஐந்து மணி நேரம் வைத்து, அப்புறம் ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர வைத்தேன். சாயங்காலம் ஒவ்வொரு வகையிலும் ஒரு கப்பைத் திறந்து, டீ வடிகட்டியில் சாய்த்து, ஐந்து நிமிஷம் வடிய விட்டு, வந்த தண்ணீரைச் சமையல் தராசில் நிறுத்தேன். ஐஸில் வந்த மிஷன் வீதிக் கப்பில் 2 கிராம்கூட வரவில்லை. கைப்பையில் குலுங்கி வந்ததில் 4 கிராம். மேடையில் வைத்ததில் 9. பழைய கடையில் இருந்து ஐஸிலேயே பத்திரமாக வந்த கப்பில் 11. முதல் நாள் வாங்கித் திறக்காமல் வைத்திருந்த மூன்றாவது கப்பில் 13. ஒவ்வொன்றிலும் ஒரே கப்பைத்தான் அளந்தேன், ஆய்வுக்கூடத்துக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனாலும் 2க்கும் 11க்கும் உள்ள தூரம் தராசின் தடுமாற்றம் இல்லை. பஸ்ஸுக்கும் பங்கு உண்டு, கொஞ்சம்தான். பெரிய பங்கு, கப் என் கைக்கு வருவதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது.

தண்ணீர் விட்டதாலேயே அது கெட்டுப்போனது என்று அர்த்தம் இல்லை, அது வெறும் மோர்த்தண்ணிதான், கலக்கிச் சாப்பிடலாம். மூடி உப்பியிருந்தாலோ, பூசணம் தெரிந்தாலோ, கள் மாதிரி வாடை வந்தாலோதான் தூக்கிப் போட வேண்டும். முதல் நாள் நான் சிங்க்கில் கொட்டியது அந்த வகையில் வீண்தான், ஆனால் அந்தப் புளிப்பை என்ன கலக்கியும் விழுங்கியிருக்க முடியாது.

கண்ணால் பார்த்த வித்தியாசத்தை நாக்கும் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும் இல்லையா. இல்லாவிட்டால் தண்ணீரைப் பார்த்த கோபத்தில் நாக்கு பொய் சொல்லும். இதற்கு உணவுத் தொழிலில் முக்கோணச் சோதனை என்று ஒன்று உண்டு. மூன்று கிண்ணம், இரண்டில் ஒரே சாமான், ஒன்றில் வேறு, எது வேறு என்று சாப்பிடுகிறவர் சொல்ல வேண்டும். கிண்ணத்தில் பேர் கிடையாது, ஒவ்வொன்றிலும் ஒரு மூன்று இலக்க எண்தான், ஏனென்றால் 1, 2 என்று போட்டால் மனசு ஒன்றாம் நம்பரை உசத்தியாக நினைத்துவிடும். இரண்டு கடைக் கப்பையும் தண்ணீரோடு சேர்த்து நன்றாகக் கலக்கி, கண்ணைக் கைக்குட்டையால் கட்டி, ஆளுக்கு மூன்று ஸ்பூன். இவர், மகன், அத்தை, பக்கத்து வீட்டு அக்கா, அவருடைய இரண்டு பெண்கள், இதற்காகவே பஸ் ஏறி வந்த தோழி, மொத்தம் 7 பேர். நான் கிண்ணம் கலக்கியவள் என்பதால் சேரவில்லை. 7 பேரில் 5 பேர் சரியாகச் சொன்னாலே அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது, குருட்டாம்போக்கில் அப்படி அமைய நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான வாய்ப்புதான். எங்களுக்கு 6 பேர் சரி. தப்பாகச் சொன்ன ஒருவர் யார் என்று எழுத வேண்டியதில்லை, மூன்றுமே நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

அப்புறம் கண்ணைத் திறந்துவிட்டு மார்க் போடச் சொன்னேன், ஒன்றில் இருந்து ஒன்பது வரை. ஒன்பது என்றால் ரொம்பப் பிடித்திருக்கிறது, ஐந்து என்றால் ரெண்டும் இல்லை, ஒன்று என்றால் கிட்டவே கொண்டுவராதே. இது அமெரிக்க ராணுவம் சிப்பாய்களுக்குச் சாப்பாடு பிடிக்கிறதா என்று பார்க்க உருவாக்கின அளவுகோல், அத்தைக்கும் பிசகில்லாமல் புரிந்தது. பதம் தனி, வாசனை தனி, தித்திப்பு தனி. பதத்துக்குப் பழைய கடைக் கப் வாங்கியது பெரும்பாலும் 3. 'மணல்மணலா இருக்கு', 'மோர்ல சர்க்கரை போட்ட மாதிரி' என்றார்கள். மிஷன் வீதிக் கப் 7, 8. அக்காவின் சின்னப் பெண் 9 போட்டாள். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. ஸ்பூனில் எடுத்தால் ஓரம் கூர்மையாக நிற்கிறது, வாயில் வைத்தால் வழவழவென்று கரைகிறது, நறநறப்பு இல்லை, கொழகொழவென்று நூல் விடுவதும் இல்லை. நான் கொட்டிய கப் தொழிற்சாலையில் இருந்து இப்படித்தான் கிளம்பியிருக்கிறது.

வாசனையில்தான் சங்கதி. இரண்டு கடைக் கப்புக்கும் ஏறக்குறைய ஒரே மார்க், 4, அதற்குக் கீழேயும். கடை மாறியும், குளிர் மாறியும் மாறாத குறை என்றால் அது கப்போடு பிறந்த குறை.

இதில் மகன் சொன்ன 'வாழைப்பழ எசன்ஸ்' முக்கியமான துப்பு. பலாப்பழ வாசனை ஒரே பொருள் இல்லை, எஸ்டர் என்கிற வகையில் பல பொருள்கள் சேர்ந்த கூட்டு. அதில் ஐசோஅமைல் அசிடேட் என்பதும் ஒன்று. வாழைப்பழ மிட்டாயில் போடுகிற எசன்ஸின் உயிரே அதுதான். கூட்டில் மற்ற எஸ்டர்கள் சரியான அளவில் துணைக்கு இருந்தால் மூக்கு பலா என்கிறது, அவை குறைந்து இது ஒன்று தூக்கலாக நின்றால் மூக்கு நேரே மிட்டாய்க் கடைக்குப் போய்விடுகிறது. மகன் மூக்கில் கோளாறு இல்லை.

அப்படியானால் நிஜமான பலாப்பழத்தைப் போட வேண்டியதுதானே? லேபிளில் பலாக்கூழ் 8 சதவீதம் என்று இருக்கிறது. அதற்கும் முன்னால் பால், சர்க்கரை. எடையில் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி, ஆக பழத்தைவிடச் சர்க்கரை அதிகம். பின்னால் பெக்டின் 440, மாற்றிய ஸ்டார்ச் 1442, கடைசியில் சுவையூட்டி. எண்களைப் பார்த்து அலற ஒன்றும் இல்லை, பெக்டின் பழத்தோலில் இருந்து எடுப்பது, ஜாமை இறுக வைப்பது, இங்கேயும் கூழ் தயிருக்குள் ஓடாமல் பிடித்து வைக்கிறது. சுவையூட்டி எதற்கு என்பதை வீட்டிலேயே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஆவின் ஆரஞ்சு பாக்கெட், 6 சதவீதக் கொழுப்பு, ஒரு லிட்டர். நன்றாகக் காய்ச்சி, கொஞ்சம் சுண்ட விட்டு, 43 டிகிரிக்கு ஆறியதும், சர்க்கரை இல்லாத வெறும் யோகர்ட் இரண்டு ஸ்பூனை உறையாக ஊற்றி, ஹாட்பாக்ஸில் ஐந்து மணி நேரம். கம்பெனிக் கப்பைவிட இறுகலாக விழுந்தது, இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். மார்க்கெட்டில் வாங்கிய சுளையை அரைத்து, பாதியைப் பச்சையாகவும் பாதியைச் சர்க்கரை போட்டுப் பத்து நிமிஷம் கிளறியும் வைத்துக்கொண்டேன். பச்சைக் கூழ் சேர்த்த கிண்ணத்தை அக்கா முகர்ந்து பார்த்து, "இது பலா" என்றார், வேறு பேச்சே இல்லை. ஆனால் மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்து மூன்றாம் நாள் திறந்தால் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி, நாக்கில் ஒரு சுருசுருப்பு. பழத்தோடு வந்த ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிட்டது. இரண்டு வாரம் கடையில் நிற்க வேண்டிய கப்பில் பச்சைப் பழத்தைப் போட முடியாது. அன்னாசி மாதிரிப் பழமாக இருந்தால் அதில் உள்ள நொதி பால்புரதத்தையே வெட்டிக் கசப்பாக்கிவிடும், அதைச் சூடு காட்டாமல் தயிரில் சேர்ப்பதே வம்பு. கிளறிய கூழ் மூன்றாம் நாளும் அப்படியே இருந்தது. ஆனால் வாசனை? அடுப்பில் இருக்கும்போது வீடு முழுக்க மணந்ததே, அந்த மணம்தான் பழத்தில் இருந்து கிளம்பிப் போன எஸ்டர். கிண்ணத்தில் மிஞ்சியது ஜாம் வாசனை.

கம்பெனியும் இங்கேதான் மாட்டுகிறது. கூழைச் சூடு காட்டியே ஆக வேண்டும், காட்டினால் மணம் போகும், போன மணத்தைப் பாட்டிலில் இருந்து திரும்ப ஊற்ற வேண்டும். ஊற்றுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஊற்றிய கை கனத்துவிட்டது, அதுவும் மலிவான பாட்டில். கொழுப்பும் சேர்ந்து சதி செய்கிறது. எஸ்டர்கள் கொழுப்பில் கரைந்து ஒளிந்துகொள்ளும், வாயில் மெதுவாக வெளியே வரும். இந்தக் கப்பில் 3 சதவீதம்தான் கொழுப்பு, ஒளிய இடம் குறைவு, அதனால் முதல் வாயிலேயே மொத்த வாசனையும் மூக்கில் அறைந்துவிட்டு அடுத்த நொடி காணாமல் போகிறது. என் 6 சதவீதத் தயிரில் அதே கிளறிய கூழ் மெதுவாக, கடைசிவரை வந்தது.

பழத் துண்டைப் பற்றி ஒரு சண்டை நடந்தது. அடிக்கூழில் சின்னச் சின்னச் சதுரங்கள் இருந்தன, ரப்பர் மாதிரி. அத்தை அதை விரலால் நசுக்கி, "இது பலாச்சுளையா பப்பாளிக்காயா?" என்றார். நியாயமான கேள்விதான், டூட்டி ஃப்ரூட்டி என்று நாம் தின்பதெல்லாம் பப்பாளிக்காய்தானே. நாலு துண்டை எடுத்துத் தண்ணீரில் அலசி, நகத்தால் பிரித்துப் பார்த்தேன். நீளவாக்கில் நார்நாராகக் கிழிந்தது. பலாதான். சர்க்கரையில் ஊறி விறைத்த பலா, அவ்வளவுதான். பப்பாளி நாராக வராது, எப்படிக் கிள்ளினாலும் அப்படியே உடையும். இந்த விஷயத்தில் கம்பெனி யோக்கியம் என்று அத்தையிடம் சொன்னேன், அவர் ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

தித்திப்பைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. 100 கிராமுக்குச் சேர்த்த சர்க்கரை 10.8 கிராம் என்று லேபிள் சொல்கிறது, கப்புக்குக் கணக்குப் போட்டால் 9.7, அதாவது டீஸ்பூனில் இரண்டு. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்ததும் சாப்பிட்டால் அவ்வளவு தெரியாது, குளிரில் நாக்குக்குத் தித்திப்பு மட்டுப்படும். ஒரு கால் மணி நேரம் வெளியே வைத்துச் சாப்பிட்டேன், பாயசம்.

எசன்ஸைப் பற்றியும் பேட்ச் எண்ணோடும் கம்பெனிக்கு எழுதினேன். எங்கே வாங்கினீர்கள், எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்டுப் பதில் வந்தது, எசன்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடை பேரைக் கேட்டிருந்தார்கள், சொல்லவில்லை. அதற்கு முன்னால் அந்த அண்ணனிடமே பேசிவிடலாம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய்ச் சொன்னேன், 13 டிகிரி, 11 கிராம் தண்ணீர் எல்லாவற்றையும். பொறுமையாகக் கேட்டார். கூல்டிரிங்ஸுக்காகக் கொடுத்த கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ் அது. ராத்திரி கடை சாத்தும்போது அணைத்துவிட்டு, காலையில் வந்துதான் போடுகிறாராம். "ராத்திரி பூரா ஓடினா கரண்ட் பில்லுக்கு யாருங்க பதில் சொல்றது? கலர் பாட்டிலுக்கு ஒண்ணும் ஆவறதில்ல." பாட்டிலுக்கு ஒன்றும் ஆகாது, உள்ளே உயிர் இல்லை. கோடைகால ராத்திரியில் எட்டு மணி நேரம் அணைந்து கிடக்கும் பெட்டிக்குள் பல்கேரிகஸுக்கு அது வேலை நேரம். இதை எப்படிச் சொல்வதென்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "தயிர்தானேம்மா, புளிக்கத்தானே செய்யும்" என்றார். அவர் சொன்னதில் அறிவியல் பிசகு ஒன்றும் இல்லை என்பதுதான் என் கஷ்டம். யோகர்ட்டைத் தினம் விற்கிற அளவுக்கு மட்டும் எடுக்கிறேன், ராத்திரி மிச்சம் இருந்தால் வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் கொண்டுபோய்விடுகிறேன் என்று கடைசியில் சொன்னார். செய்கிறாரா என்று ஒரு நாள் தெர்மாமீட்டரோடு போய்ப் பார்க்க வேண்டும்.

ஆபீஸில் பாதி வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். தயிர் நல்ல தயிர், எசன்ஸ் கெட்ட எசன்ஸ், வாங்கினால் மிஷன் வீதியில் வாங்குங்கள். தோழி ஒன்றும் பேசவில்லை, புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.

மிஷன் வீதிக் கப் ஒன்று மிச்சம் இருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அத்தை அதை எடுத்து, அடிக்கூழில் ஸ்பூன் படாமல் மேலே இருந்த தயிரை மட்டும் ஒரு கோடு போட்ட மாதிரி வழித்துச் சாப்பிட்டுவிட்டு, விளையாடிவிட்டு வந்த பேரனிடம் கப்பை நீட்டினார். "தயிரு நல்லாத்தான் உறைஞ்சிருக்கு. இந்தா, உன் வாழைப்பழத்த நீ தின்னு."